பிபி பார்க்க வர்றவங்க நாடியையும் பிடிச்சுப் பார்க்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021ல வந்ததுலேர்ந்து எங்க ஊர்ல பிபி, சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது, குறை சொல்ல ஒண்ணுமில்ல, வர்ற அக்காவும் பொறுமையா உக்காந்து பிபி பார்த்து நோட்டுல எழுதிட்டுத்தான் போறாங்க. நான் கேக்குறது இதுதான், அந்தப் பட்டையைக் கையில சுத்துறதுக்கு முன்னாடி மணிக்கட்டுல விரல் வச்சு முழுசா ஒரு நிமிஷம் நாடி பார்க்க அவங்களுக்கு சொல்லிக் குடுங்க. எத்தனை அடிக்குதுன்னு எண்ண மட்டும் இல்ல, சீரா அடிக்குதா, விட்டு விட்டு தாறுமாறா அடிக்குதான்னு பார்க்க.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு ஒரு கோளாறு இருக்கு, டாக்டருங்க ஏஎஃப்ம்பாங்க. இதயத்தோட மேல் அறை ரெண்டும் ஒழுங்கா சுருங்காம சும்மா நடுங்கிக்கிட்டே இருக்கும். சிலருக்கு படபடப்பு, மூச்சு வாங்கும், பலருக்கு ஒண்ணுமே தெரியாது, தெரிஞ்சாலும் கேஸ்தான்னு ஓமத்தண்ணிய குடிச்சிட்டு படுத்துருவாங்க. படபடப்பைக் கூட தாங்கிக்கலாம்ங்க, நடுங்குற அறையில ரத்தம் தேங்கி கட்டியாகி அது மூளைக்குப் போயிட்டா பக்கவாதம், மத்தவங்களை விட சுமார் 5 மடங்கு ஆபத்து. ஒரு பக்கம் கை கால் விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி அங்க ஈசிஜி எடுக்கும்போதுதான் இப்படி ஒரு நோய் இருந்ததே பல வீட்டுல தெரிய வருது. ஐரோப்பாவுல 65 வயசு தாண்டினவங்க எதுக்கு டாக்டர்கிட்ட வந்தாலும் நாடியோ ஈசிஜியோ பார்த்துடணும்னு இதய டாக்டர்கள் சங்கமே சொல்லியிருக்கு.

நம்ம பக்கம் 65 வரைக்கும் காத்திருக்க முடியாது. எங்க அம்மாவுக்கு சின்ன வயசுல தொண்டை வலி, மூட்டு வீக்கம்னு வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்துல இருக்குற மைட்ரல் வால்வைச் சுருக்கிடுச்சு, அதுலேர்ந்து அவங்களுக்கு ஏஎஃப் வந்துச்சு. இப்படி வால்வு கெட்டவங்களுக்கு ரத்தம் கட்டாம இருக்கக் குடுக்குற அபிக்ஸபான், ரிவராக்ஸபான் மாதிரி புது மாத்திரை சரிப்படாது, 2022ல வந்த இன்விக்டஸ் ஆய்வுலயும் பழைய வார்ஃபரின் வகைதான் மேல்னு வந்துச்சு. அந்த வகையில நம்ம ஊர்ல நிறைய பேர் போடுறது அசிட்ரோம். அதைப் போட்டா அப்பப்ப, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் டெஸ்ட் எடுக்கணும், 2க்கும் 3க்கும் நடுவுல நிக்கணும், குறைஞ்சா கட்டி, கூடினா ரத்தம் நிக்காது. ரிசல்ட்டைப் பார்த்து ஒரு நாள் ஒண்ணு, மறுநாள் ஒண்ணரைன்னு டோஸ் மாத்துவாங்க, நாங்க தினசரி காலண்டர் தாள்லயே எழுதி வச்சிருக்கோம். இந்த ஒரு டெஸ்ட்டுக்காக டவுனுக்கு ரெண்டு பஸ் மாறணும், கூட ஒரு ஆள் போகணும், ரிசல்ட்டுக்கு சாயங்காலம் வரை உக்காரணும், அன்னைக்கு கூலியும் போச்சு. அலைச்சலுக்கு பயந்தே டெஸ்ட் எடுக்காம குத்துமதிப்பா மாத்திரை முழுங்குறவங்களும், விட்டுட்டவங்களும் இருக்காங்க. அவங்கள திட்டி என்ன பண்றது?

2023ல இதயம் காப்போம்னு ஒரு திட்டம் கொண்டு வந்து மாரடைப்பு வந்தா உடனே குடுக்க வேண்டிய மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்துலயே வச்சாங்க, ரொம்ப நல்ல காரியம். அதே மாதிரி மாசத்துல ஒரு நாள் அங்கேயே ஐஎன்ஆர் பார்த்துக் குடுத்தா என்ன, விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நிமிஷத்துல நம்பர் சொல்ற சின்ன மெஷின் இருக்கே!

அசிட்ரோம் போடுறவங்களுக்கு கீரை விஷயமும் யாராவது தெளிவா சொல்லணும். முருங்கைக்கீரை பக்கமே போகக்கூடாதுன்னு பயமுறுத்தி விட்டுடறாங்க. கீரையில இருக்குற வைட்டமின் கே இந்த மாத்திரையோட வேலையைக் குறைக்கும்ங்கறது நிஜம்தான், ஆனா வாரத்துக்கு சாப்பிடுற அளவு ஏறாம இறங்காம ஒரே மாதிரி இருந்தா போதும். உண்மையிலயே பயப்பட வேண்டியது மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடுற டைக்லோஃபினாக் மாதிரி வலி மாத்திரைக்குத்தான், அதுவும் இதுவும் சேர்ந்தா வயித்துல ரத்தம் கசியலாம். ஆஸ்பிரின் போட்டா போதும்னு சொல்றதையும் நம்பாதீங்க, இந்தக் கட்டிக்கு அது பத்தாது.

இன்னொண்ணு, வீட்டுல வச்சிருக்குற டிஜிட்டல் பிபி மெஷின் சிலதுல துடிப்பு சீரா இல்லேன்னா திரையில சின்னதா இதயம் மாதிரி ஒரு குறி வரும். மெஷின் ரிப்பேர்னு தூக்கிப் போட்றாதீங்க, ரெண்டு மூணு தடவை பார்த்தும் அதே குறி வந்தா ஒரு ஈசிஜி எடுத்துடுங்க.

இப்படிக்கு,
வாசகி,
தஞ்சாவூர் மாவட்டம்