கோரைக்கு ரெண்டா, மூணா?

அன்புள்ள நெட்டை,

பேத்தி காதுகுத்துக்கு வரலைன்னு நீ திட்டி எழுதின கடிதம் மூணு மாசமா மேஜையில கிடக்கு. முழங்கால் வலிதான் காரணம், நம்பினா நம்பு. வீட்ல எல்லாரும் சௌக்கியம். மாம்பழம் வரலைன்னு தங்கச்சி கோவிச்சுக்கிட்டதா கேள்வி. அடுத்த வருஷம் கூடையோட வர்றேன்னு சொல்லு.

எழுத உட்கார்ந்தது வேற விஷயத்துக்கு. நம்ம காலேஜ் ஹெர்பேரியத்துல, அதான் காய வச்ச செடிங்களைத் தாள்ல ஒட்டி வச்சிருக்கிற இடத்துல, பழைய ஷீட்டை எல்லாம் ஸ்கேன் பண்றாங்க. லேபிள்ல கிறுக்கலைப் படிச்சுச் சொல்லுங்கன்னு கூப்பிட்டாங்க. மூணாவது கட்டுல நம்ம கோரை! 1986, ஏற்காடு ஏரிக்கரை. உன் கோழிக் கிறுக்கல்ல பேரினம் 'சைப்பரஸ்'. கீழே நம்ம ரெண்டு பேர் கையெழுத்து. உன் ஒத்தைச் செருப்பு ஏரிக்குள்ள போனது அன்னைக்குத்தானே?

பழக்கதோஷம், லென்ஸை எடுத்தேன். தண்டு மூணு பட்டை, கணு கிடையாது. கோரைதான். சிறுகதிர்ல உமிங்க ரெண்டு வரிசையா, சடை பின்னின மாதிரி. ஒரு உமியை ஊசியால நகர்த்தினா, சூல்முடி ரெண்டே ரெண்டு! இன்னும் நாலு பூவுல பார்த்தேன், எல்லாத்துலயும் ரெண்டுதான். நாம படிச்ச கணக்குப்படி சைப்பரஸுக்கு மூணு, காயும் முப்பட்டை. இந்தக் காய் பக்கவாட்டுல நசுங்கி, விளிம்பைச் சிறுகதிரோட நடு அச்சுப் பக்கமாக் காட்டிக்கிட்டு நிக்குது. இது சைப்பரஸோட பங்காளிப் பேரினம், பைக்ரியஸ்டா! இதுக்குப் போய் கோட் சார் இருபதுக்குப் பதினெட்டு போட்டாரு.

ராத்திரி தூக்கமே இல்லை. மறுநாள் ஸ்கேன் பண்ற பொண்ணுகிட்ட தப்பை ஒத்துக்கிட்டேன். அவ சிரிக்கிறா. "ஐயா, இப்ப அது சைப்பரஸ்தான்." டி.என்.ஏ. பார்த்ததுல பைக்ரியஸ், கில்லிங்கா எல்லாம் சைப்பரஸ் வம்சத்துக்குள்ளயே முளைச்ச கிளைங்கன்னு தெரிஞ்சு, பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னாடியே உள்ளே சேர்த்துட்டாங்களாம். இப்ப அந்த ஒரு பேரினத்துல மட்டும் 900 சிற்றினத்துக்கு மேல. இன்னொண்ணு கேளு. 1816-ல பாலிசோ த போவாங்கிற பிரெஞ்சுக்காரர் இதைத் தனியாப் பிரிச்சப்போ, சைப்பரஸோட ஆங்கில எழுத்துகளையே கலைச்சுப் போட்டுத்தான் பைக்ரியஸ்னு பேர் வச்சிருக்காரு. எழுதிப் பாரு, ஒரு எழுத்து கூடாது, குறையாது. பாகம் பிரிச்சுக்கிட்டுப் போன தம்பி ரெண்டு நூற்றாண்டு கழிச்சு அதே வீட்டுக்கு மூட்டையோட வந்து நிக்கிறான்.

அப்போ நாம பாஸா? எனக்கு மனசு ஒப்பலை. நாம எண்ணவே இல்லைடா. நீ மூணுன்னு சொன்னே, நான் தலையாட்டினேன். முப்பது வருஷம் பிள்ளைங்ககிட்ட "எண்ணிப் பாத்தியா, எண்ணிப் பாத்தியா"ன்னு கத்தினவன் நான்.

பழைய லேபிளைக் கிழிக்கக் கூடாது, உனக்கே தெரியும். பக்கத்துல புதுச் சீட்டு ஒட்டி, பேரும் தேதியும் போடணும். சிற்றினம் பாலிஸ்டாக்கியோஸா இருக்கலாம்னு படுது, ஆனா ஷீட்ல பழுத்த காய் நாலுதான் மிச்சம். ஏரிக்கரையில புதுசா எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் எழுதணும். கையெழுத்து ரெண்டு பேரது, அதனால நீ வந்தே ஆகணும்.

பஸ்ல ஜன்னல் சீட்டு உனக்குத்தான். இருபது கொண்டை ஊசி வளைவு, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. எலுமிச்சம்பழம் நான் கொண்டு வர்றேன்.

உன்
கட்டை