மன்றத்தின் ஆண்டறிக்கை: மாடியில் நடந்த ஞாயிறு கூட்டம்

தலைவர் அவர்களே, பொருளாளர் அண்ணாச்சி, உறுப்பினர்களே, பீடித்தட்டைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு வந்திருக்கிற தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கோயில் கொடை நேரத்து நீர்மோர்ப் பந்தல், விளையாட்டுப் போட்டி, ரத்ததான முகாம் மூன்றும் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச வந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மன்ற மாடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்ததைப் பற்றி.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்கிற 31 பேர் வந்தார்கள். முதல் வாரம் ‘என்ன ஆகணும்?’ என்று கேட்டோம். போலீஸ், டாக்டர், கலெக்டர் என்று சிலர் சொன்னார்கள், பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். தெருவில் பார்த்த நான்கைந்து வேலையைத் தவிர வேறெதுவும் தெரியாத பிள்ளையிடம் அப்படிக் கேட்பதே தப்பு என்று எனக்குப் பட்டது. சரி என்று அடுத்த வாரமே கேள்வியை மாற்றினோம். வருகிற ஜூனில் எங்கே படித்துக்கொண்டிருப்பாய், அதற்கு எந்த குரூப் வேண்டும், என்னென்ன சான்றிதழ், எவ்வளவு பணம், வீட்டில் யாரிடம் பேசணும்? ஆளுக்கொரு நோட்டு கொடுத்தோம், அவர்களே எழுதினார்கள்.

ஒரு பையன் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் வேலை பார்க்கணும் என்று எழுதிவிட்டு, கீழே ‘மார்க் கம்மி, நடக்காது’ என்று எழுதி அந்த ஆசையை அடித்துவிட்டிருந்தான். அங்கே விஞ்ஞானிகள் மட்டும் இல்லை. பத்தாம் வகுப்போடு ஐடிஐயில் பிட்டர், வெல்டர் போன்ற தொழில் படித்தவர்களையும் டெக்னீஷியன் வேலைக்குத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள் என்றதும் நிமிர்ந்து பார்த்தான். இரண்டு வருட ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தால் இன்ஜினியரிங்கிலும் அப்படியே. ஐடிஐ போனால் படிப்பு அதோடு சரி என்று நினைக்கிற பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது அவன் பேட்டை அரசு ஐடிஐயில் இருக்கிறான்.

இன்னொரு பிள்ளைக்குக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி ஆசை. ஆனால் தோழிகளோடு சேர்ந்து காமர்ஸ் குரூப் எடுக்க இருந்தாள். எடுத்திருந்தால் அந்த வாசலே அடைபட்டிருக்கும். அவள் அப்பாவோ, பதினொன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்க நினைத்தார். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு, இந்தக் கட்டத்தில் பள்ளி மாற்றினால் அது போய்விடும், புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் வருகிற 1000 ரூபாயும் போய்விடும் என்று பொறுமையாகச் சொன்னோம். இரண்டு நாள் யோசித்துவிட்டு, ‘பிள்ள அங்கனயே படிக்கட்டும்’ என்றார். பையன்களுக்கும் 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை உண்டு.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பித்த ஒரு பையன் பிரவுசிங் சென்டர்காரரின் செல்போன் நம்பரைக் கொடுத்திருந்தான். ஓடிபி, குறுஞ்செய்தி எல்லாம் அங்கேதான் போயின. கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டிய நாள் அவனுக்குத் தெரியாமலே கடந்துவிட்டது. கட்ஆஃப் நல்ல கட்ஆஃப். நாங்கள் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவன் அம்மா என்னைப் பார்த்து, ‘தம்பி, நீங்கள்லாம் இருந்துமா?’ என்றார். இப்போது நோட்டின் முதல் பக்கத்தில் யாருடைய நம்பர், யாருடைய மெயில், பாஸ்வேர்டு யாரிடம் என்று எழுதிய பிறகுதான் மற்றதெல்லாம். பையன் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்ந்திருக்கிறான், நன்றாகப் படிக்கிறான்.

அப்புறம், தாய்மார்களுக்கு ஒன்று. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் கல்வி உதவித்தொகை தருகிறது. அதற்கு உங்கள் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வேண்டும். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தால் இன்றைக்கே எடுத்து வையுங்கள்.

வருகிற ஆண்டு சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களை ரிசல்ட் வந்தபிறகு ஓடாமல் ஏப்ரல், மே விடுமுறையிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட உத்தேசம். அதற்குப் பைக் வைத்திருக்கிற, காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய நான்கு பேர் தேவை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள், நோட்டு மேசை மேல் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்