சின்ன மாமா எண்டர்பிரைஸில் ஏறிய கதை

பாளையங்கோட்டை,
ஞாயிறு ராத்திரி

ஏலே சண்முகம்,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்ட வேண்டியதை எல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சுகம். உன் தங்கச்சி விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அந்தோணி மகளுக்குத் தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளை வீடு வள்ளியூர், பத்திரிகை உனக்கும் வரும். இசக்கி அப்படியேதான் இருக்கிறான், ஸ்டார் ட்ரெக்கில் சிவப்புச் சட்டைக்காரன்தான் முதலில் சாவான் என்று இன்னமும் சிவப்புச் சட்டை போடுவதில்லை.

சரி, விஷயம் இதுதான். சின்ன மாமா மகன் முருகேசன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். காரணம், நீ அமெரிக்காவிலிருந்து சுமந்து வந்து என் தலையில் கட்டிவிட்டுப் போன ஸ்டார் ட்ரெக் டிவிடி பெட்டி, விண்வெளிக் கப்பலில் கிரகம் கிரகமாகச் சுற்றுகிற அந்த அமெரிக்க டிவி தொடர்.

சின்ன மாமாவை உனக்கு மறந்திருக்காது, நாங்குநேரியில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் வைத்து நம் ரெண்டு பேரையும் பூவரசங்கம்பால் விளாசியவர். ஆட்டுக்குக் குழை ஒடிக்கிறேன் என்று இந்த வயதில் வாகை மரத்தில் ஏறி, ஏறின வேகத்திலேயே கீழே வந்து, காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு. அத்தை போனதிலிருந்து அங்கே ஒற்றை ஆள், முருகேசன் திருப்பூரை விட்டு அசைய மாட்டான், அதனால் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். வந்த முதல் வாரம் உன் தங்கச்சியோடு உட்கார்ந்து சீரியல் பார்த்தார். "ஏட்டி, இதுல ஒருத்தியாவது வேலைக்குப் போறாளா? பட்டுச்சேலையைக் கெட்டிக்கிட்டு மாடிப்படியிலயே நிக்காளுவளே" என்று கேட்டதிலிருந்து இவளுக்கும் அவருக்கும் ஆகவில்லை. அப்போதுதான் அலமாரியில் உன் பெட்டி மேல் இருந்த எண்டர்பிரைஸ் கப்பல் படத்தைப் பார்த்து, "இது என்னல, தாம்பாளத்தைக் கவுத்துப் போட்டு ரெண்டு குழாய மாட்டுன மாதிரி" என்றார். எனக்கு அது போதாதா?

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். 1966 செப்டம்பர் 8-லிருந்து ஆரம்பித்திருப்பாய். பழைய தொடர் மூன்று சீசன், 79 எபிசோட், ஒன்று விடாமல், அப்புறம் சினிமாக்கள், அப்புறம்தான் 1987-ல் வந்த நெக்ஸ்ட் ஜெனரேஷன், அது ஒரு 178. அதற்குள் மாமாவுக்குக் கட்டுப் பிரித்து, நடந்து, அடுத்த மரத்திலும் ஏறியிருப்பார். அதோடு நீ கட்டிக்கொண்டு அழுகிற அந்த வரிசையை அவர்களே வைத்திருக்கவில்லை. முதலில் எடுத்த கதை சரிப்படாது என்று என்பிசி டிவி கம்பெனி திருப்பி அனுப்பியது, ரெண்டாவதாக ஒன்றை எடுத்துச் சம்மதம் வாங்கினார்கள், ஒளிபரப்பும்போது அதையும் மூன்றாவதாகத்தான் போட்டார்கள். முதல் நாள் ஜனங்கள் பார்த்தது மனுஷன் உடம்பிலிருந்து உப்பை உறிஞ்சிக் கொல்லும் ஜந்துவை. தூத்துக்குடிப் பக்கம் இறங்கியிருந்தால் ஒரு உப்பளத்தைக் காட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம், பாவம், சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

இசக்கி கட்சி வேறு. கதைக்குள் காலம் எப்படிப் போகிறதோ அப்படித்தான் பார்க்க வேண்டுமாம். அப்படியானால் பழைய தொடரின் கேப்டன் கிர்க் காலத்துக்கு நூறு வருஷம் முந்தி நடக்கிற, 2001-ல் வந்து நாலே சீசனில் நின்றுபோன எண்டர்பிரைஸ் தொடரை முதலில் போட வேண்டும். அடுத்து டிஸ்கவரி தொடர், அது 2017-ல் வந்தது, கிர்க்குக்குப் பத்து வருஷம் முன்னால் ஆரம்பித்து ரெண்டு சீசன் ஓடிவிட்டு, ஒரே தாவாக முப்பத்திரண்டாம் நூற்றாண்டுக்குப் போய்விடும். புதிதாக வருகிறவனுக்குக் கையில் ஒரு பஞ்சாங்கத்தையும் கொடுத்துத்தான் உட்கார வைக்கணும்.

நான் ரெண்டையும் கேட்கவில்லை. ஆளைப் பார்த்தேன். மாமாவுக்கு உலகத்தில் பிடித்தது எது? கோர்ட். ஒரு வரப்புத் தகராறை முன்சீப் கோர்ட்டிலிருந்து மதுரை வரைக்கும் நடத்தினவர். அதனால் நெக்ஸ்ட் ஜெனரேஷன் ரெண்டாவது சீசனில் டேட்டா என்கிறவன் கேஸை எடுத்துப் போட்டேன். கப்பல் என்ன, கிரகம் என்ன, ஒன்றும் விளக்கவில்லை. "மாமா, அந்த வெளிறின மூஞ்சிக்காரன் மனுஷன் இல்ல, மிஷின். கழற்றிப் பார்க்கணும்னு ஒருத்தன் வாரான், இவன் மாட்டேங்கான். மிஷின் சர்க்கார் சொத்தா, இல்ல அவனுக்குன்னு உரிமை உண்டான்னு கேஸ்." அவ்வளவுதான் சொன்னேன். மாமா தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். டேட்டாவின் சிநேகிதனான ரைக்கரையே எதிர்த்தரப்பில் வாதாடச் சொல்லுகிற இடத்தில், "இது முறையில்லையே" என்றார். அந்த ரைக்கர் நடு விசாரணையில் டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டி, முதுகுப் பக்கம் சுவிட்சையும் அணைத்துச் சாய வைத்தானே, அப்போது வாயே திறக்கவில்லை. தீர்ப்பு வந்ததும் கேட்டார்: "அப்பீல் உண்டா?"

ஆள் விழுந்துவிட்டார் என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

அடுத்து பழைய தொடரில் ட்ரிபிள் என்கிற குட்டி ஜந்துகள் கதை, பார்க்க மயிர்ப்பந்து மாதிரி இருக்கும். தானிய மூட்டையெல்லாம் அந்த மயிர்ப்பந்துகள் தின்று தீர்த்து, கிர்க் தலையில் பொலபொலவென்று கொட்டுகிற இடத்தில் மாமா சிரித்த சிரிப்புக்கு அடுக்களையிலிருந்து இவள் ஓடி வந்துவிட்டாள். "குடோன்ல எலி விழுந்தா நமக்கும் இதே கதிதான், ஆனா நம்ம எலி இவ்வளவு அழகா இருக்காது" என்றார். தின்றதெல்லாம் செத்துக் கிடப்பதைப் பார்த்துத் தானியத்தில் விஷம் என்று கண்டுபிடிப்பதற்கு ரெண்டு நிமிஷம் முன்னாலேயே இவர் சொல்லிவிட்டார்.

அப்புறம் நெக்ஸ்ட் ஜெனரேஷனில் இன்னர் லைட் என்கிற எபிசோடைப் போட்டேன். இதைத்தான் உனக்கு எழுதணும் என்று இருந்தேன். பாத்திரம் கழுவுகிற சத்தம்கூட வேண்டாம் என்று இவளை உட்கார வைத்தேன். கேப்டன் பிக்கார்ட் விண்வெளியில் வந்த ஏதோ கருவியால் மயங்கி விழுந்து, யாரோ ஒருத்தி புருஷனாகக் கண் விழிக்கிறான். கொல்லன் பட்டறைக்காரன் மாதிரி ஏதோ ஒரு தொழில், சின்ன ஊர், மழை கிடையாது. ஊர் மந்தையில் ஒரு கன்று நட்டு, ஆளுக்கே தண்ணீர் இல்லாதபோதும் அதற்கு ஊற்றுகிறார்கள். மாமா, "அது என்ன மரம்?" என்றார். தெரியாது என்றேன். "வேம்பா இருந்தா இந்தப்பாடு படுத்தாது" என்றார். பிறகு அவன் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்க எந்திரம் செய்யலாம் என்று அதிகாரியிடம் சொல்ல, அந்த ஆள் பிடி கொடுக்காமல் பேசுகிறான். மணிமுத்தாற்றுத் தண்ணீருக்கு மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தவரிடம் இதை வேறு விளக்கணுமா? அவன் மகள் மண்ணை எடுத்துச் சோதித்து, செத்த மண் என்கிறாள் பார், அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். கொஞ்ச நேரம் திரையிலேயே கண்ணை வைத்திருந்துவிட்டு, "போடு" என்றார்.

சர்க்காருக்கு எல்லாம் முன்பே தெரியும், ஜனங்களிடம் சொல்லாமல் மூடி வைத்திருந்தார்கள் என்று வந்ததும் கெட்ட வார்த்தை. இவள் எழுந்து போய்விட்டாள். அவன் பெண்டாட்டி சாகிற இடத்தை நான் ஓட்டிவிடலாமா என்று நினைத்து ரிமோட்டைக் கையில் எடுத்தேன், அத்தை ஞாபகம். மாமா என் கையைத் தட்டிவிட்டார்.

கடைசியில் அந்த ஊரே அழிந்து ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது, இப்படி ஒரு ஜனம் இருந்தது என்று யாராவது ஒருத்தனுக்குத் தெரியட்டும் என்றுதான் அந்தக் கருவியை விண்ணில் விட்டார்கள் என்று தெரிகிறது. நாற்பது வருஷம் வாழ்ந்துவிட்டான், கப்பலில் போனது அரை மணி நேரம்கூட இல்லை. அங்கே அவன் ஊதப் பழகின குழல் மட்டும் மிச்சம். 1992-ல் வந்தது, மறு வருஷம் ஹ்யூகோ விருது வாங்கியது, எழுதிய ஒருவர் மார்கன் ஜென்டல் என்றெல்லாம் நான் அளந்துகொண்டிருந்தேன். படப்பிடிப்பில் வைத்திருந்த அந்தக் குழல் 2006-ல் 40,000 டாலருக்கு மேல் ஏலம் போயிற்று, இத்தனைக்கும் அது ஊதவே ஊதாது என்றேன். "ஊதாத குழலுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் காபி குடித்துவிட்டு முருகேசனுக்குப் போன் போடச் சொன்னார். குளத்துக்குக் கீழே உள்ள வயலைச் சோலார்காரர்களுக்குக் கொடுக்கிறதாக அப்பனும் மகனும் பேசி வைத்திருந்தார்களே, அதைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லை. முருகேசனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, இந்தப் பணத்தை நம்பித்தான் இருந்தான். அவன் என்னைக் கூப்பிட்டு, "அத்தான், கிழவனுக்கு என்ன படத்தைப் போட்டீங்க?" என்று கத்தினான். நான் என்னலே சொல்ல? அந்தப் படத்தால்தான் என்று நான் சொல்லவில்லை, மாமா மனசு முன்பே இப்படியும் அப்படியுமாகத்தான் இருந்தது. ஆனால் படத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொல்லவும் எனக்கு நாக்கு வரவில்லை. அந்த வயலில் கடைசியாக எப்போது நெல் விளைந்தது என்று அவருக்கே சரியாக ஞாபகம் இல்லை. முருகேசன் கேட்பதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ராத்திரி படுத்தால் இதுதான் ஓடுகிறது.

இது இப்படி இருக்க, மாமாவுக்கு இப்போது எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டுமாம். ஆமாம், முதலிலிருந்து, உப்பு ஜந்துவிலிருந்து. சிரிக்காதே. நடுவில் நான் டீப் ஸ்பேஸ் நைன் என்கிற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடர் பற்றி வாயை விட்டுவிட்டேன், "போர் முடிஞ்சு ஊரைத் திரும்பக் கெட்டுற கதையா, அதையும் வையி" என்றிருக்கிறார்.

நீ கல்யாணத்துக்கு வரும்போது ரெண்டு வேலை இருக்கிறது. திருப்பூர் வழியாக வந்து முருகேசனைப் பார், உன் பேச்சுக்கு அவன் கொஞ்சம் மரியாதை வைத்திருக்கிறான். வயலைக் குத்தகைக்காவது விடலாமா என்று மெதுவாகக் கேள், விற்கச் சொல்லியோ விற்க வேண்டாம் என்றோ பேசாதே. இன்னொன்று, டீப் ஸ்பேஸ் நைன் முதல் சீசன் வட்டு பெட்டியில் இல்லை. இசக்கியிடம்தான் இருக்கிறது, நான் கேட்டால் சத்தியம் பண்ணி இல்லை என்கிறான். நீ கேள், கொடுப்பான்.

உன்
சுடலை