யாழ்ப்பாணம் துரையப்பா ஸ்டேடியத்தில கோலூன்றிப் பாயுற பிள்ளையளுக்கு ஒரு மெத்தை வாங்குவம், கை குடுங்கோ

உறவுகளே வணக்கம், இது எங்கட கமிட்டி எல்லாரும் சேந்து எழுதுறது, கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும் வாசியுங்கோ.

துரையப்பா ஸ்டேடியம் 1997க்குப் பிறகு கனகாலம் பாவனையில்லாமக் கிடந்தது உங்களுக்குத் தெரியும், இந்தியாவின்ர உதவியோட திருத்தி 2016 ஆனியில திரும்பத் திறந்தாப்பிறகு பின்னேரமெண்டா நடுவில உதைபந்தாட்டம், சுத்திவர ஓடுற பிள்ளையள், ஒரு கரையில கோலூன்றிப் பாயுறவை எண்டு எல்லாருக்கும் அந்த ஒரு இடம்தான். நாங்கள் கேக்கிறது அந்தக் கரையில நிக்கிற பிள்ளையளுக்கு. நாங்கள் பழக்கிற மெத்தை வெயிலும் மழையும் பட்டு ஸ்பொஞ்ச் அமுங்கிப் போச்சு, மூண்டு மீற்றருக்கு மேலால வாற பிள்ளை முதுகால விழ வேண்டிய சாமான் அது, பாக்கவே பயமாக்கிடக்கு.

யாழ் மத்திய கல்லூரியின்ர எதிர்வீரசிங்கம் ஐயா 1958ல டோக்கியோ ஆசிய விளையாட்டில 2.03 மீற்றர் உயரம் பாய்ஞ்சு இலங்கைக்கு முதல் தங்கம் எடுத்தவர், அவற்ர காலத்தில மண்ணிலயும் மரத்தூளிலயும்தான் விழுறது. ஆனா கோலூன்றிப் பாயுறதை இப்ப அப்பிடிப் பழக்க ஏலாது. மகாஜனாக் கல்லூரியில படிச்ச அனித்தா கோலூன்றிப் பாயுறதில தேசிய சாதனையைத் தானே திரும்பத் திரும்ப முறியடிச்சவ, புவிதரன் 5 மீற்றர் தாண்டினவர், வடக்கில இந்தப் போட்டிக்கு எவ்வளவு திறமை இருக்கு எண்டதுக்கு வேற சாட்சி வேணுமே?

போட்டி விதிப்படி மெத்தை ஆகக் குறைஞ்சது 5 மீற்றர் நீளம் 5 மீற்றர் அகலம், அதுக்கு மழை உறையும் வேணும். கோலும் ஒண்டு ரெண்டு காணாது, பிள்ளையின்ர நிறைக்கு ஏத்த கோல் வேணும், மெலிஞ்ச கோலில பாரமான பிள்ளை ஊண்டினா முறிஞ்சு போகும், அதால நிறைவாரியா ஒரு செற் எடுக்கோணும். அதோட மெத்தையை உருட்ட சில்லு வைச்ச தட்டு ஒண்டு, ஏனெண்டா மட்ச் நாளில கரையெல்லாம் விட்டுக் குடுக்கோணும். உதைபந்தாட்டக் கழகப் பெடியள் தாங்களே வந்து தள்ளித் தாறம் எண்டு சொல்லிப்போட்டினம், உண்மையா எங்களுக்கு அதுதான் பெரிய சந்தோசம். எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் பாவிக்கலாம், இது பொதுச் சாமான்.

ஆயிரம் ரூபா எண்டாலும் பறவாயில்லை, தாங்கோ. லண்டன், கனடாவில இருக்கிறவை காசாத்தான் தரவேணும் எண்டில்லை, உங்கட பிள்ளையளின்ர கழகத்தில பாவிச்ச நல்ல கோல், ஸ்பைக் சப்பாத்து இருந்தாலும் சொல்லுங்கோ, ஆனா கோல் நீளமான சாமான், அனுப்ப முதல் எங்களோட ஒருக்கா கதையுங்கோ. கொட்டேசன் எடுத்து வைச்சிருக்கிறம், ஆர் கேட்டாலும் காட்டுவம், வந்த காசு போன காசு எல்லாம் மாசா மாசம் போடுவம்.

தை மாசம் பள்ளிக்கூடங்களில இல்லங்களுக்கு இடையிலான மெய்வல்லுநர் போட்டியள் தொடங்கிடும், அதுக்கு முன்னம் மெத்தை வந்து இறங்கோணும், அதால இந்த மாசமே அனுப்பப் பாருங்கோ.