ஆண்டறிக்கை 2024–25: சூரியனின் உச்சமும் நம் ஆன்டெனாக்களும்

பெரியோர்களே, உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் அன்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

டர்பனில் உள்ள நம் அமெச்சூர் ரேடியோ மன்றத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயலாளர் அறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் ஐயா தனியே வாசிப்பார். உரிமத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் பாடம் எடுத்த மூத்தோருக்கு மன்றத்தின் நன்றி. இவ்வாண்டு விரிவாகப் பேச வேண்டியது சூரியனைப் பற்றித்தான்.

இப்படியோர் ஆண்டை நம் இளைய உறுப்பினர்கள் கண்டதில்லை. 2019 டிசம்பரில் சூரியன் அடங்கிக் கிடந்தபோது, சூரியன் மேல் தெரியும் கரும்புள்ளிகளைக் கணக்கிட்டு, பல மாதச் சராசரியாகச் சீராக்கிய சூரியப்புள்ளி எண் 1.8. சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை சூரியன் ஏறி இறங்கும் சுழற்சிகளில் இந்த 25ஆம் சுழற்சி 115 அளவில்தான் உச்சம் தொடும் என்று நிபுணர் குழு கணித்திருந்தது. ஆனால் 2024 ஆகஸ்டின் மாதச் சராசரி 200ஐத் தாண்டியது. அக்டோபரில் வந்த சீராக்கிய உச்சம் ஏறத்தாழ 160. முந்தைய சுழற்சி 2014இல் தொட்ட உச்சம் 116தான்.

புதியவர்களுக்காக ஒரு விளக்கம். புள்ளிகள் பெருகும்போது சூரியனின் புற ஊதாக் கதிர் வலுக்கிறது. தரைக்கு மேல் 250 முதல் 400 கி.மீ. உயரத்தில், அயனி மண்டலத்தில் இருக்கும் எஃப்2 அடுக்கில் எலக்ட்ரான்கள் அடர்கின்றன. அடர்த்தி போதாத ஆண்டுகளில் விண்வெளிக்குத் தப்பிப் போகும் 28 மெகாஹெர்ட்ஸ் அலை, அதாவது 10 மீட்டர் பேண்ட் எனும் அலைவரிசைப் பகுதி, இப்போது வளைந்து தரைக்குத் திரும்புகிறது. சில ஆண்டுகளுக்கு முன் 10 மீட்டர் பேண்டில் வெறும் இரைச்சல்தான். இவ்வாண்டு பல நாள் பகல் முழுதும் ஐரோப்பா கேட்டது. மார்ச், செப்டம்பரை ஒட்டி இந்தியாவும் நன்றாகக் கேட்டது. டர்பனில் மதியம் ஒரு மணி என்றால் சென்னையில் மாலை நாலரை; இரு பக்கமும் வெயில் இருக்கும் நேரம். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் 100 வாட்டும் வீட்டுக் கூரையில் கட்டிய டைபோல் என்ற எளிய கம்பி ஆன்டெனாவும் வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டு நிலையம் ஒன்றோடு தமிழிலேயே பேசினார். 1860இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பலில் நம் முன்னோர் ஒரு மாதத்துக்கு மேல் கடந்த தூரம் அது. பக்கத்திலிருந்து கேட்ட எங்களுக்கு இவ்வாண்டில் கிடைத்த பெரும்பேறு அதுவே.

உச்சத்தோடு இடரும் வந்தது. அக்டோபர் 3, வியாழக்கிழமை பிற்பகல் 2.18க்கு மிக வலிய வகையான எக்ஸ் வகையில் 9.0 அளவுள்ள சூரியச் சுடர் எழுந்தது. சூரியன் ஆப்பிரிக்காவின் மேல் நின்ற வேளை. எக்ஸ் கதிர்கள் கீழேயுள்ள டி அடுக்கை அடர்த்தியாக்கியதில் சிற்றலைகள் அங்கேயே உறிஞ்சப்பட்டன. ரேடியோ கெட்டுவிட்டதா என்று பல வீடுகளிலிருந்து கேட்டார்கள். இப்படி நேர்ந்தால் மெகாஹெர்ட்ஸ் எண் கூடிய மேல் பேண்டுக்குப் போங்கள். அதுதான் முதலில் தெளியும், 40, 80 மீட்டர் என்ற கீழ் பேண்டுகள் கடைசியில்தான் தெளியும். மே 10, 11இல் வந்த காந்தப்புயலின் சேதி வேறு. 2003க்குப் பிறகு ஜி5 என்ற உச்ச நிலையை எட்டிய முதல் புயல் அது. அப்படிப்பட்ட புயல் எஃப்2 அடுக்கையே மெலிய வைக்கும். மேல் பேண்டுகள் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும், கீழே இறங்கத்தான் வேண்டும். இரண்டையும் பிரித்தறியாமல் அலைவரிசையைத் திருப்பிக்கொண்டிருப்பது வீண். ஹெர்மானஸில் உள்ள விண்வெளி வானிலை மையத்தின் எச்சரிக்கைகளை எல்லோரும் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

பாதையைச் சோதிக்க உதவும் அடையாள அலைகளை அனுப்பும் உலக பீக்கன் வலையமைப்பின் 18 நிலையங்களைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் பணியையும் விடக்கூடாது. ஒவ்வொரு நிலையமும் 100, 10, 1, 0.1 வாட்டில் ஒரு நீள ஒலிக்கோடு வீதம் அனுப்புகிறது. எந்தக் கோடு வரை கேட்டது என்று எழுதினாலே பாதையின் நிலை விளங்கும். சுழற்சி இறங்கும் ஆண்டுகளில் இந்தக் குறிப்பேட்டின் மதிப்பு இன்னும் கூடும்.

இனி, பொதுக்குழு முடிவெடுக்க வேண்டிய செய்தி. 2030ஐ ஒட்டி சூரியன் மீண்டும் அடங்கும். சென்ற முறை அடங்கியபோது பலர் பெட்டியை மூடி வைத்துவிட்டார்கள். அது மறுபடி நடக்கக்கூடாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்ததையும், கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்ததையும் நாம் பார்த்தோம். அத்தகைய நாளில் நமக்கு ஐரோப்பா தேவையில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கும் லேடிஸ்மித்தும் கேட்க வேண்டும். அதற்கு அலையை ஏறக்குறைய நேர் மேலே அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். இப்போது நண்பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் அப்படித் திரும்புகிறது. சூரியன் அடங்கிய ஆண்டுகளில் பெரும்பாலும் திரும்பாது, 80 மீட்டர் பேண்டின் 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். மன்றத்திடம் அதற்கான ஆன்டெனா இல்லை.

ஆகவே, இவ்வாண்டு மிச்சப் பணத்தில் 10 மீட்டருக்கு, அலையை ஒரே திசையில் குவிக்கும் பீம் ஆன்டெனா இன்னொன்று வாங்கலாம் என்ற யோசனையைத் தள்ளிவைத்து, சுமார் 40 மீட்டர் நீளத்தில் 80 மீட்டர் பேண்டுக்கான கம்பி டைபோல் ஒன்றும், அதைத் தூக்கிக் கட்ட இரு கம்பங்களும் வாங்க வேண்டும் என முன்மொழிகிறேன். 10 மீட்டருக்கு இப்போது வீட்டு டைபோலே போதும். உறுப்பினர்கள் வழிமொழிந்து நிறைவேற்றித்தர வேண்டுகிறேன்.

பணிவுடன்,
செயலாளர்
சாட்ஸ்வொர்த், டர்பன்