வீலிங் செய்து பிடிபடும் பைக்குகளைச் சோதித்த பிறகே திருப்பித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
இருசக்கர வாகன மெக்கானிக்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பொருள்: வீலிங்கில் (முன் சக்கரத்தைத் தூக்கியபடி ஓட்டுவதில்) பழுதான வண்டிகள் அப்படியே மீண்டும் சாலைக்கு வருவதைத் தடுக்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்காநல்லூரில் 22 வருடங்களாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். போன மாதம் கைக்கு வந்த ஒரு வண்டிதான் இந்த மனுவை எழுத வைத்தது.

பூ வியாபாரி ஒருவர், வெள்ளலூர்க்காரர். விடியற்காலை நாலு மணிக்கு மேட்டுப்பாளையம் ரோடு பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பியவர், திருச்சி ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே இன்ஜின் சீஸ் ஆகி, சுற்றாமல் இறுகிவிட்டது. கிளட்சைப் பிடிக்கக்கூட அவகாசம் இல்லை, பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. பின்னால் லாரி எதுவும் வராததால் உயிர் தப்பினார்.

ஆயில் ஊற்றாமல் ஓட்டியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் குச்சியில் ஆயில் அளவு சரியாகவே இருந்தது. இன்ஜினை இறக்கிப் பிரித்தேன். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில், வால்வைத் திறக்கும் கேம் தோல் உரிந்த மாதிரி தேய்ந்திருந்தது. கேம் தள்ளும் ராக்கர் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பிஸ்டன் ஓடும் பிளாக்கின் உட்சுவரில் மேலிருந்து கீழ்வரை நகத்தால் கீறியதுபோலக் கோடுகள். பிஸ்டனின் அலுமினியம் உருகி அதில் அப்பியிருந்தது. ஆயில் இருந்தும் அது போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அப்புறம்தான் பின்பக்க நம்பர் பிளேட்டைக் கவனித்தேன். அதன் அடி விளிம்பு தார் ரோட்டில் உரசி மழுங்கிக் கிடந்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் இரண்டு பக்கமும் ஆயில் கசிவு. ஹேண்டிலைத் திருப்பினால் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) கடக் கடக்கென்று இடித்தது.

அவருடைய மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதும் ஒத்துக்கொண்டான். சாயங்காலங்களில் பைபாஸ் பக்கம் நண்பர்களோடு வீலிங் பழகியிருக்கிறான். "இன்ஜினுக்கு இப்படி ஆகும்னு தெரியாதுங்கண்ணா, அப்பா விழுவாருன்னு நினைக்கவே இல்லீங்க" என்று அழுதான். அவன் பொய் சொல்லவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

நாம் அன்றாடம் ஓட்டும் 100, 150 சிசி வண்டிகளில் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில்தான் இருக்கும். அது இன்ஜினின் அடியில் தேங்கி நிற்கும். அங்கிருந்து பம்ப் அதை உறிஞ்சி மேலே ஹெட் வரைக்கும் தள்ளும். வண்டி நேராக ஓடும் என்று வைத்துத்தான் உறிஞ்சும் இடத்தை அமைத்திருக்கிறார்கள். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினால் ஆயில் பின்பக்கம் ஓடிவிடும், பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கும். அதே நேரத்தில் முதல் கியரிலோ இரண்டாவதிலோ ஆக்ஸிலேட்டரை முறுக்கியபடி இருப்பதால் இன்ஜின் உச்ச வேகத்தில் சுற்றும். மெதுவாகப் போகும் வண்டிக்குக் காற்றும் போதாது, சூடு ஏறும். கிளட்சைப் படாரென்று விட்டுத் தூக்குவது இன்னும் மோசம். பெரும்பாலான நம் பைக்குகளில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் ஊறிக் கிடக்கிறது. பிளேட் கருகி உதிரும் தூள் இன்ஜின் முழுக்கச் சுற்றி வரும்.

ஒருமுறை தூக்கியதும் இன்ஜின் போய்விடாது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, என்றைக்கோ ஒரு நாள், யாரோ ஒருவர் ஓட்டும்போது பிடித்துக்கொள்ளும்.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், சிறுவர்கள் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த யூடியூபரின் ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது. சரி, ஓட்டியவருக்குத் தண்டனை இருக்கிறது. அந்த வண்டியின் கதி என்ன? நான் பார்த்தவரை, அபராதம் கட்டியதும் வண்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. பயந்துபோன பெற்றோர் அதை உடனே விற்கிறார்கள். போர்க் சீலை மாற்றி, பாலிஷ் போட்டுவிட்டால் வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. முதல் சம்பளத்தில் பழைய வண்டி வாங்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் தலையில் இது விழக் கூடாது.

விபத்தில் சிக்கிய வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துச் சான்று தருவது வழக்கம். வீலிங்கில் பிடிபடும் வண்டிக்கும் அதுபோல ஒரு சோதனை வைக்க வேண்டுகிறேன். முன் போர்க், கோன்செட், முன் சக்கரம், பிரேக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்தால் உலோகத் தூள் இருக்கிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பழுது இருந்தால் உரிமையாளர் சரிசெய்து காட்டிய பிறகே வண்டியைத் தர வேண்டும். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் தாங்கள் என்பதால், போலீசையும் ஆர்டிஓ அலுவலகத்தையும் இதில் ஒன்றுசேர்க்கத் தங்களால் முடியும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கல்லூரிகளில் நடக்கும் சாலைப் பாதுகாப்புக் கூட்டங்களுக்கு மெக்கானிக்குகளையும் அழையுங்கள். உயிர் போகும் என்று சொன்னால் இந்த வயதுப் பிள்ளைகள் காதில் வாங்குவதில்லை. வண்டி போய்விடும் என்றால் நின்று கேட்கிறார்கள், ஏனென்றால் வண்டிமேல் அவர்களுக்கு உண்மையான பிரியம். முறையாகக் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு, பந்தயத் தடம் உள்ள செட்டிபாளையத்தில் பயிற்சிக்கு வழி உண்டா என்றும் விசாரித்துப் பார்க்கலாம்.

பூக்காரர் சம்மதத்தோடு அந்த பிஸ்டனையும் கேமையும் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்திருக்கிறேன். தாங்கள் சொல்லும் நாளில், சொல்லும் இடத்துக்குக் கொண்டுவந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
இருசக்கர வாகன மெக்கானிக், சிங்காநல்லூர்.