ஸ்பார்க் பிளக் ஒண்ணு அனுப்பி வைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் கேள்வி பதில்ல "டீசல் வண்டியில் கரும்புகை வந்தால் ஸ்பார்க் பிளக்கை மாற்றிப் பாருங்கள்"னு போட்டிருந்தீங்க. 31 வருஷமா நாமக்கல்ல பம்ப், நாசில் வேலை பாக்குறேன், பெட்ரோல் வண்டில பொறி குடுக்கற ஸ்பார்க் பிளக்க டீசல் லாரில இன்னும் கண்ணால பாக்கலீங்க, உங்க ஆபீஸ்ல இருந்தா ஒண்ணு அனுப்புங்க, பொட்டு வெச்சு கல்லாப்பெட்டி மேல வெச்சுக்கறேன்.

உங்களுக்குத் தெரியாததில்ல, டீசலுக்கு யாரும் தீ வெக்க வேண்டாம். பிஸ்டன் காத்தை 16, 18 மடங்கு நெருக்குறப்பவே சூடு 500 டிகிரிய தாண்டிருது, அதுக்குள்ள நாசில் பீச்சுற டீசல் சுமார் ஒரு மில்லிசெகண்ட்ல தானா பத்திக்குது, அது லேட்டானா சேந்து கெடந்த டீசல் மொத்தமா புடிச்சு இன்ஜின் டக்டக்னு தட்டும். பீச்சுறது பனியாட்டம் இல்லாம சொட்டா விழுந்தா சுத்தி காத்து பத்தாம பாதி வெந்து கரியாகும், கரும்புகைக்கு நாங்க மொதல்ல பாக்குறது அதைத்தான். நாசில கழட்டி டெஸ்டர்ல மாட்டி கைப்பிடிய அமுக்கினா பழைய மாடல் நல்ல நாசில் 200 பார் அழுத்தத்துக்கிட்ட கிர்ர்னு கத்திட்டு அடிக்கும், கெட்டுப்போனது சளி புடிச்ச கொழந்த மூக்காட்டம் ஒழுகும்.

இப்ப எல்லா நாசிலுக்கும் ஒரே குழாய்ல டீசலை அழுத்தி வெச்சுக் குடுக்கற காமன் ரெயில் வண்டிக 2000 பார் வரைக்கும் போகுது. எங்கிட்ட வேலை பழகுன பையன் ஒருத்தன் லீக் எங்கன்னு வெரல நீட்டிட்டான், டீசல் தோலைத் தொளைச்சு உள்ள போயிருச்சு, வெளிய எறும்பு கடிச்ச மாதிரி ஒரு புள்ளிதான், ராத்திரிக்குள்ள கை வீங்கி ஆபரேஷன் வரைக்கும் போச்சு. பட்டறைப் பசங்க படிக்கட்டும்னு அதை 2019ல உங்களுக்கு எழுதினேன், போடல, அந்த வாரம் ஒரு நடிகையோட நாய்க்குட்டிக்கு ரெண்டு பக்கம் குடுத்திருந்தீங்க, அழகான நாய்தான்.

முந்தாநாள் ஒரு மினி லாரிக்காரர் உங்க பக்கத்தை கிழிச்சு எடுத்துட்டு வந்து பிளக்க மாத்துங்கன்னாரு. ஹீட்டர் பிளக்க கழட்டிக் காட்டி, இது குளுருல ஸ்டார்ட் ஆக சூடு காட்டறதுக்கு, பொறியெல்லாம் வராதுங்கன்னேன். "ஏனுங்ணா, பத்திரிகைக்காரங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிரும்?"னு கேட்டுட்டு வண்டிய எடுத்துட்டு வேற பட்டறைக்குப் போயிட்டாரு.

அடுத்த இதழ்ல ரெண்டு வரி திருத்தம் போட்டா போதும், ராசிபலனுக்கு அடில பொடி எழுத்துல வேண்டாம். அப்பறம் சந்தா கட்டியும் பொங்கல் மலர் இன்னும் வரலீங்க.

இப்படிக்கு,
ஒரு நாசில் மெக்கானிக், நாமக்கல்